நாற்பத்து மூன்றாவது படகு

என் மாப்பிள்ளை கோஸ்மிக்குக் கோடைக்காலம் என்றால் ஒரே ஒரு பேச்சுத்தான். மே மாதக் கடைசியில் அதைச் சொல்லத் தொடங்குவார், செப்டம்பர் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார்.

காலை பத்து மணிக்கு ரப்பர் படகில் ஏறிக் கரும்பாறைக் குடாவுக்குள் போவார். முதல் நாளே வந்து கிடக்கும் மோட்டார் படகுகள் பதினைந்து இருபது இருக்கும். மதியத்துக்குள் அது அறுபது ஆகிவிடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய், அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீருக்குள் அமுக்கி, நங்கூரச் சங்கிலி எங்கே போகிறது என்று குனிந்து பார்ப்பார். மணலில் கிடந்தால் கையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். நங்கூரம் கடல்புல்லை வேரோடு பிடுங்கிவிடும்; புல்லில் கிடந்தால் அந்தப் பேச்சு.

"வணக்கம். உங்க நங்கூரம் கடல்புல்லு மேல கிடக்கு. அதோ வெளுத்துத் தெரியுதே, அது மணல். அங்க மாத்திப் போட முடியுமா?"

ஐந்து பாஷையில் அதைச் சொல்லுவார். ஐந்து பாஷையிலும் திட்டு வாங்குவார். அபராதம் போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. கேட்கலாம். கேட்டும் நகராவிட்டால் படகு எண்ணை எழுதிக் கொடுக்கலாம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. துறைமுகத்துக் காப்பிக் கடையில் கிண்டல் செய்வார்கள். "என்ன கோஸ்மி, இன்னைக்கு எத்தன ஆட்ட விரட்டுன?" அவர் சிரிக்கக்கூட மாட்டார். சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

பிறந்தது உப்பளத்தை ஒட்டிய வீட்டில். எங்கள் ஃபோர்மென்தேராத் தீவில் உப்பளம் மூடியபோது அவருக்குப் பதின்மூன்று வயது. அப்பா உப்பு வாரியவர். மகனுக்கு வாருவதற்கு உப்பு இல்லை. ஹோட்டல் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரிக்கப் போனார். அதே ஹோட்டலில் என் மகள் நெவுஸ் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெண் கேட்டு வந்தபோது நான் முடியாது என்றேன். காரணம் இருந்தது, இப்போது ஞாபகம் இல்லை. மூன்று வருஷம் முடியாது என்றேன். மூன்று வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, காப்பி குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். கோப்பை கழுவுகிறவரை என்ன செய்வது?

அப்புறம் பதினான்கு கோடை, பணக்காரர்களின் மோட்டார் படகை ஓட்டினார். காலையில் இந்தத் தீவு, மதியம் அந்தக் குடா, சாயங்காலம் இன்னொரு குடா. எங்கே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார். குடிக்க ஐஸ் கேட்டால் எடுத்துக் கொடுப்பார், குழந்தை வாந்தி எடுத்தால் துடைப்பார். ஒருநாள் நங்கூரம் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டது. சங்கிலி சுருட்டும் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. "சாப்பாட்டுக்கு நேரமாச்சு" என்று மேல்தட்டில் இருந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மாப்பிள்ளை வெறுங்கையால் சங்கிலியை இழுத்தார். நங்கூரம் வந்தது. முதுகும் போனது.

இரண்டு குளிர்காலம் பலகையில் படுத்திருந்தார். அதற்கப்புறம் தீவு நிர்வாகத்தில் கிடைத்ததுதான் இந்தப் புல் காவல் வேலை. எங்கே புல், எங்கே மணல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சொல்லாமல் என்ன? பதினான்கு கோடை அதே புல்லின் மேல்தானே நங்கூரத்தை இறக்கினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என்ன வேண்டும் என்று நெவுஸ் கேட்டால் கையால் காட்டுவார். ரொட்டி என்றால் ஒரு விரல், ஒயின் என்றால் இரண்டு விரல். வாயைத் திறந்தால் அந்தப் பேச்சே வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர் மாதிரி இருக்கும்.

போன ஜூலை பதினாறாம் தேதிக்கு வருகிறேன். கார்மேல் மாதா திருநாள். அன்றைக்கு மாதாவைப் படகில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் கொண்டுவருவோம், கடலில் உயிர்விட்டவர்களுக்காக மலர் வளையம் போடுவோம். அது முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் கரும்பாறைக் குடாவில் தன் இடத்துக்குப் போய் நங்கூரம் போட்டுச் சாப்பிடும். எங்கள் இடம் என் அப்பா பார்த்து வைத்தது. காவல் கோபுரம் பாறைப் பிளவுக்கு நேரே வரவேண்டும். முட்டுக்கொடுத்த அத்திமரம் வெள்ளைச் சுவரின் முனைக்கு நேரே வரவேண்டும். இரண்டும் ஒருசேர நேராகத் தெரியும் இடத்தில் நங்கூரத்தை விட்டால் படகு ஆணி அடித்த மாதிரி நிற்கும். எனக்கு நினைவு தெரிந்து அந்த இடம் மாறியதில்லை.

அந்த இடம் முழுக்கப் புல்.

அதற்கு முந்தின வருஷத் திருநாளிலேயே வினை வந்துவிட்டது. மாப்பிள்ளை ரப்பர் படகில் வந்தார், எங்களைப் பார்த்தார், பார்க்காத மாதிரி படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் கொஞ்ச நேரத்துக்கு முன் நகர்த்திய ஒரு மோட்டார் படகுக்காரன் அதைப் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டான். கடுதாசி வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. நெவுஸ் படித்துக் காட்டினாள். இன்னொரு முறை சொந்தக்காரர்களைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரியும்.

இந்தத் தடவை திருநாளுக்கு லீவு வாங்கியிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டையும் போட்டாயிற்று. எட்டு மணிக்கு போன் வந்தது, கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று. வெள்ளைச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, வெளுத்துப்போன நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று நெவுஸிடம் சொன்னார்: "அத்தே கிட்ட சொல்லு. இந்த ஒரு தடவ மணல்ல போடச் சொல்லு."

நெவுஸ் படகில் வைத்து என்னிடம் சொன்னாள்.

"ஒரு நாளு தானேடி. மாதாவுக்குத் தெரியாத புல்லா?" என்றேன்.

"மாதாவா கடுதாசி போடுறா?" என்றாள் அவள்.

என் மகன் சுமேவு இருபக்கமும் பார்த்தான், கோபுரத்தைப் பார்த்தான், அத்திமரத்தைப் பார்த்தான், நங்கூரத்தை விட்டான். எங்களுடையது நாலு கொக்கி நங்கூரம். புல்லின் வேரில் மாட்டினால் மாட்டினதுதான். மணலில் அது நிற்காது, உழுதுகொண்டே போகும். அதையும் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும். வெறும் பிடிவாதம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

காய்ந்த ரொட்டியை நனைத்து, தக்காளி வெட்டி, கருவாட்டைப் பிய்த்துப் போட்டுக் கலந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளை மோட்டார் படகு. பின்தட்டில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு ஆள். மாப்பிள்ளை அவனிடம் பேசிக்கொண்டிருந்தார். தொப்பிக்காரன் கோபப்படவில்லை. கையை நீட்டி எங்களைக் காட்டினான்.

"என்னடி சொல்றான்?" என்றேன்.

"அவங்க நகரட்டும், அடுத்த நிமிஷம் நானும் நகர்றேன்னு சொல்றாம்மா," என்றாள் நெவுஸ்.

மாப்பிள்ளை எங்கள் பக்கம் வந்தார். வாளியை அமுக்கிப் பார்த்தார். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் பார்த்தார். நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, "வணக்கம். உங்க நங்கூரம் கடல்புல்லு மேல கிடக்கு..." என்று தொடங்கி ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார்.

"யாருக்கு வணக்கம், மாப்ளே? நானென்ன கப்பல்ல வந்த துரைசானியா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லணும் அத்தே. அந்தாளு கேட்டுட்டு இருக்கான்."

சுமேவு சும்மா இருக்கமாட்டான். "பதினாலு கோடையா இதே புல்ல உழுதவன் நீ. இப்ப எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா மச்சான்?"

"ஆமா மச்சான். அதனாலதான் எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுது."

"இந்த நாலு கொக்கி மணல்ல நிக்குமா? சொல்லு, நிக்குமா?"

"நிக்காது."

"அப்புறம்?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "இது எங்கப்பா பாத்த இடம். நகர மாட்டேன். எழுதணும்னா எழுதிக்குங்க."

"சரி அத்தே," என்றார். நோட்டை எடுத்தார். பென்சிலை எடுத்தார். எங்கள் படகு எண் அவருக்கு மனப்பாடம்; வருஷா வருஷம் அதற்கு வர்ணம் அடிப்பவரே அவர்தான். முதல் எழுத்தைப் போட்டார். அப்புறம் பென்சில் நகரவில்லை. ரப்பர் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்கு இது நாப்பத்தி மூணாவது படகு," என்றார். குரல் கருக்கு மட்டையை உரசுவது போல் இருந்தது. "இத எழுதினா நெவுஸ் முகத்தப் பாக்க முடியாது. எழுதலேன்னா அந்தத் தொப்பிக்காரன் முகத்தப் பாக்க முடியாது, சாயங்காலமே வேலையும் போயிரும். இந்த முதுக வச்சுக்கிட்டு இனி எவன் எனக்கு வேலை குடுப்பான்? யோசிக்கக்கூட முடியல அத்தே. நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றத எழுதுறேன்."

வெயில் மண்டையைப் பிளந்தது. சுற்றிலும் பாட்டும் கூத்தும். அவர் கெஞ்சியிருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவரோ பென்சிலைப் பிடித்தபடி, நான் என்ன சொன்னாலும் எழுதுவதற்குக் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன். கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது.

"சுமேவு, நங்கூரத்த எடு."

"அம்மா, மணல்ல நிக்காதும்மா!"

"மணலுக்கு எவன்டா போறான்? எடுன்னா எடு."

எடுத்தான். நாலு கொக்கியிலும் புல், அதோடு பழுப்பு வேர்க்கட்டி ஒன்று, ரொட்டி அளவுக்கு. எப்போதும் சுமேவு அதைக் காலால் எத்திக் கடலில் தள்ளுவான். அன்றைக்குக் கையால் பிய்த்துப் போட்டான்.

"இப்ப?"

"இங்கேயே நிப்போம். எஞ்சினப் போட்டு மெதுவாப் பிடி. கோபுரம் பிளவுக்கு நேரா, அத்தி சுவருக்கு நேரா. கண்ணு இருக்கில்ல?"

"எவ்ளோ நேரம்?"

"சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்."

"எங்க வீட்டுச் சாப்பாடு சாயங்காலம் வரைக்கும் நடக்கும்மா!"

நெவுஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை நோட்டில் போட்ட எழுத்தை அடித்துவிட்டு, எழுந்து, வெள்ளைப் படகுக்குப் போனார். தொப்பிக்காரன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளைக் குலுக்கினான். சங்கிலி கடகடவென்று மேலே வந்தது. மணலுக்குப் போய்விட்டான்.

அத்தோடு முடிந்ததா? எங்கள் ஆட்களின் படகுகள் இன்னும் மூன்று புல்லில் கிடந்தன. "கிழவிக்குப் புத்தி பெரண்டுருச்சு!" என்று ஒருத்தன் கத்தினான், என் ஒன்றுவிட்ட தம்பி மகன்தான். "உன் புத்தி எப்பவோ பெரண்டுருச்சுடா, அதுக்கு யாரு நங்கூரம் போட்டா?" என்று நானும் கத்தினேன். மாப்பிள்ளை மூன்று பேரிடமும் போய் அதே பேச்சைச் சொன்னார். இரண்டு படகு முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தது. தம்பி மகன் நகரவில்லை. அவன் எண்ணை எழுதினார். இன்றுவரை அந்த வீட்டார் எங்களோடு பேசுவதில்லை. அலுவலகத்திலிருந்து கடுதாசி எதுவும் வரவில்லை.

நாங்கள் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்றால் என்ன, எஞ்சின் புகையும் கருவாடும் சேர்ந்து ஒரே வாசனை. சுமேவு ஒரு கையில் சுக்கானும் ஒரு கையில் தட்டுமாக நின்றான். நீரோட்டம் தள்ளும், அவன் இழுப்பான், திரும்பத் தள்ளும். ஒயின் ஊற்றினால் பாதி மடியில் கொட்டியது. அப்பா பார்த்த இடத்திலேயே இருந்தோம் என்று மட்டும் சொல்லலாம். படகு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

ஆறு மணிக்கு மாப்பிள்ளையின் வேலை முடிந்தது. ரப்பர் படகை எங்கள் படகின் பின்னால் கட்டிவிட்டு ஏறி வந்தார். உதடெல்லாம் உப்புப் பொரிந்திருந்தது. நெவுஸ் தட்டை நீட்டினாள். அவர் வாங்குவதற்குள் சுமேவு சுக்கானை அவர் கையில் திணித்துவிட்டான்.

"புடி மச்சான். நாலு மணி நேரமா சுத்திக்கிட்டே இருக்கேன், தலையே சுத்துது. உன் புல்லு, நீயே பாத்துக்க."

மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். கோபுரத்தைப் பார்த்தார், அத்திமரத்தைப் பார்த்தார், சுக்கானைக் கொஞ்சம் திருப்பினார். நெவுஸ் ரொட்டியை நனைத்து ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். மென்றார். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்து மென்றாரா என்று சொல்ல முடியாது.

"முதுகு வலிக்குதா?" என்றேன்.

"வலிக்குது அத்தே."

"உக்காந்து புடிங்களேன். பெட்டிய இழுத்துப் போடுறேன்."

"வேணாம் அத்தே," என்றார். "உக்காந்தா தூங்கிருவேன்."

நின்றுகொண்டே இருந்தார்.