நேர்ந்த நெய்யில் ஓடிய சைக்கிள்

கஷ்டம் வந்தால் எல்லாரும் சாமியிடம் கெஞ்சுவார்கள். நான் சண்டை போட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாலையில் எனக்கு வேலை. லாரி இடித்துத் தொடை எலும்பு முறிந்தது. "நடந்தாலே பெருசுப்பா. சைக்கிள மறந்துடு" என்றார் டாக்டர். மறப்பதா? திருவண்ணாமலையில் பிறந்தவன் நான். அந்த மலையைச் சுற்றித்தான் குரங்குப் பெடல் பழகினேன். இருட்டிக்கொண்டு வந்தது மனசு. கட்டுப் போட்ட காலோடு கிடந்தபடி ஒருநாள் அண்ணாமலையானிடம் கத்தியே விட்டேன்.

"கால் என்னுது. திருப்பிக் குடு! பாண்டியிலேர்ந்து தனியா மிதிச்சிக்கினு வந்து உன் தீபத்துக்கு நெய் தர்றேன். பஸ் ஏற மாட்டேன். மலையில விளக்கு ஏத்தறதுக்குள்ள ஊருக்குள்ள இருப்பேன். இல்லன்னா கால நீயே வெச்சிக்க!"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். "சாமியவே மெரட்டுறீங்களே!"

கால் வந்தது. கொஞ்சம் இழுத்து நடப்பேன், அவ்வளவுதான். இனி வாக்கைக் காப்பாற்ற வேண்டியது என் பக்கம்.

கார்த்திகை தீபத்தன்று பார்த்துப் புயல். மதிய பஸ்ஸில் வரவிருந்த என் மனைவியின் தம்பி சொன்னான்: "மாமா, பஸ்லயே வாங்க. சாமி இன்னா, டிக்கெட்டா கிழிக்குது?"

"நீ போடா. நான் வர்றேன்."

விடியலில் கிளம்பினேன். மழைக்கோட்டை நெய்த் தூக்குக்குப் போர்த்திக் கேரியரில் கட்டினேன். நான் நனைந்தால் காய்ந்துவிடுவேன். எதிர்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. திண்டிவனம் தாண்டுவதற்குள் தொடை எரிந்தது. செஞ்சி தாண்டியதும் மச்சான் ஏறிய பஸ் என்மேல் சேற்றை அடித்துப் போனது. ஜன்னலில் அவன் தலை. "மாமா, சைக்கிள மேல போட்டுக்கலாம், ஏறுங்க!" நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கீழ்பென்னாத்தூருக்கு முன்னால் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடியது. முட்டியளவு தண்ணீரில் தள்ளிக் கடந்தேன். அதோடு சங்கிலி முழுக்க மணல். நாலு மிதிக்கு ஒருமுறை கழன்றது. பிறகு அசையவே இல்லை. எதிரே பாதி மூடிய டீக்கடை. பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பாய், சொட்டு எண்ணெய் குடுங்க."

"இந்த மழையில எவன் பஜ்ஜி துன்ன வர்றான்? எண்ணெய் எங்க இருக்கும்? மண்ணெண்ணெயும் காலி, தம்பி."

மணி நாலுதான், அதற்குள் மேகத்தில் வெளிச்சம் மங்கியது; ஆறு மணிக்குத் தீபம். மழையில் நின்று வானத்தைப் பார்த்தேன். "வழி காட்டு! கால் குடுத்துட்டு ரோட்டுல நிக்க வெக்கறியா?"

பாய் கேரியரைப் பார்த்தார். "தூக்குல இன்னா?"

"நெய். சாமிக்கு நேர்ந்தது." நேர்ந்த நெய்யை எங்கள் வீட்டில் விரலால் தொட்டுக்கூட நக்க மாட்டோம்.

"நெய் யாருக்குப் போவுது?"

"அண்ணாமலையானுக்கு."

"வண்டி யாருகிட்ட போவுது?"

"அவர்கிட்டதான்."

"அப்புறம் இன்னாய்யா வழக்கு? தடவு!"

நான் கத்திக் கேட்டதற்குப் பதில் பாயின் வாயில் வந்தது! மழைத் தண்ணீரிலேயே மணலைக் கழுவினேன். குளிரில் உறைந்திருந்த நெய்யை ஒரு கை அள்ளிக் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். சங்கிலி சுற்றியது. பாய் கை தட்டினார். "போ, போ! பசி எடுத்தா சைக்கிள நக்கிக்க!"

அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே மிதித்தேன். கழலவே இல்லை. ஊருக்குள் நுழையும்போது மலையை மேகம் மூடியிருந்தது. ஜனம் அண்ணாந்து நின்றது. சைக்கிளைவிட்டு இறங்கக்கூட இல்லை, அதற்குள் "அரோகரா!" என்று ஊரே அதிர்ந்தது. மேகம் விலகிய இடத்தில், உச்சியில் ஜோதி. இழுக்கிற காலைத் தரையில் ஓங்கி ஊன்றிக் கும்பிட்டேன்.

கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்த மச்சான் தூக்கைத் திறந்து பார்த்தான். "இன்னா மாமா, நெய் கம்மியா இருக்கு?"

"அவருக்குப் பசி தாங்கல. வழியிலயே வந்து கொஞ்சம் எடுத்துக்கினாரு."

தீபம் அன்றோடு அணைவதில்லையே. மீதி நெய்யை மறுநாள் காலையில் கோயிலில் சேர்த்தேன். டாக்டர் மறக்கச் சொன்ன சைக்கிளை அதற்கப்புறம் ஒரு கார்த்திகைக்கும் நான் விட்டதில்லை. பாய் கடையில் இறங்கி டீ குடிக்காமலும் போனதில்லை.

உங்களுக்கும் வழி அடைபட்டால், தலை குனிந்து நிற்காதீர்கள். உரிமையோடு கேளுங்கள். பதில் யார் வாயில் வருகிறது என்று மட்டும் காதைத் தீட்டி வையுங்கள். இப்போதெல்லாம் என் கேரியரில் இரண்டு பாத்திரம் இருக்கும். ஒன்றில் சாமிக்கு நெய். இன்னொன்றில், மழையில் நிற்கிற எவர் சங்கிலிக்கும் எண்ணெய்.