அவள் வண்டியை விட்டு இறங்கும் வரைக்கும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு பண்ணுகிற ஜெபத்தை ஊருக்குச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். பத்தாவதுக்கு மேல் படிக்கவும் இல்லை. ஆனால் பூனாவில் எங்கள் தமிழ்ச் சபையில், "அந்தப் பிள்ள கார் ரேஸ்ல ஜெயிக்கதெல்லாம் அவ அம்மை ஜெபம்தான்" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அது அப்படியல்ல. அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குப் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்களுக்கு ஒரே மகள். வாகட் தாண்டி ஹைவே ஓரத்தில் கோ-கார்ட் ஓட்டுகிற இடம் ஒன்று இருந்தது. அவளுடைய பிறந்தநாளுக்கு ஒருமுறை அப்பா கூட்டிப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வேறெதுவும் கேட்கவில்லை. தரையோடு ஒட்டின சின்ன வண்டி. கதவும் கிடையாது, கூரையும் கிடையாது.

முதல் போட்டிக்கு நானும் போனேன். வளைவில் இன்னொரு வண்டி இடித்து, இவளுடைய வண்டி டயர் அடுக்குக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. டயர்தான் தெரிகிறது, பிள்ளையைக் காணோம். கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் பொருத்தனை பண்ணினேன். "ஆண்டவரே, இவ எந்திச்சு நடந்தாப் போதும். இனிமே இவ வண்டியில ஏறும்போதெல்லாம், இறங்குத வரைக்கும் நான் முழங்கால்ல நிப்பேன். பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

எழுந்து வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும், "மம்மி, அவன்தான் என்னை இடிச்சான், நீங்க பாத்தீங்கல்ல?" என்று சண்டைக்கு நின்றாள்.

கார்ட் போட்டி ஒரு குக்கர் சாதம் வேகிற நேரம்தான். ஒரு வருடத்தில் அவளுக்கு அலுத்துவிடும் என்றும் நினைத்தேன். தூசியில் எல்லோருக்கும் முன்னால் முழங்கால் போட்டால் பிள்ளைக்கு வெட்கமாக இருக்குமென்று, அதற்குப் பிறகு நான் டிராக் பக்கம் போகவே இல்லை. வீட்டு உள்ளறைதான்.

அலுக்கவில்லை. நாலு சக்கரமும் வெளியே தெரிகிற ஒற்றை ஆள் வண்டிக்குப் போனாள். கோயம்புத்தூர், சென்னை என்று ரயில் ஏறினாள். போட்டி நீண்டது. அதற்கு முந்தின நாட்களில் பயிற்சி வேறு.

"பிராக்டிஸுக்குமா முழங்கால் போடுத?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏறும்போதெல்லாம்னுல்லா சொல்லிட்டேன்."

"ஆண்டவரு உன்ன மாதிரி வக்கீல் இல்லட்டி."

சிரித்தோம். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

பிறகு ஒருநாள் வந்து, ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள், வளைகுடா நாட்டில் போட்டி என்றாள். கதவு, கூரை எல்லாம் உள்ள வண்டி என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்கத் தோன்றவில்லை.

போட்டி நாளன்று காலை ஆகாரம் முடிந்ததும் முழங்காலில் நின்றேன். மத்தியானம் ஆயிற்று. பால்காரர் பாக்கிக்கு மணி அடித்துவிட்டுப் போனார். நான் வஹினி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்திக்காரி கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். அசையவில்லை. வீட்டுக்காரர் ஹாலில் போனில் போட்டியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறது என்று என்னிடம் சொல்லக் கூடாதென்று நான்தான் சொல்லியிருந்தேன். அவருடைய நாற்காலி கிரீச்சிட்டால் எனக்கு உயிர் போய்விட்டு வரும். உள்ளே ஒரு மிருகத்தைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தேன். வெளிச்சம் சாய்ந்த பிறகுதான் அவர் வந்து கையைக் கொடுத்தார். எழ முடியவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்தவள் என் முழங்கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டாள். இனி முழங்கால் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் அப்பா சொல்லிவிட்டார்.

"மம்மி, அந்தக் கார் நாங்க மூணு பொண்ணுங்க மாத்தி மாத்தி ஓட்டுறது. பாதி நேரம் நான் கார்லயே இல்ல. டீம் ரூம்ல படுத்துத் தூங்கிட்டிருந்தேன்."

"அப்போ நான் யாருக்காவட்டி முழங்கால்ல நின்னேன்?"

"அந்த ரெண்டு பேருக்கும் சேத்துப் பண்ணிட்டீங்க, ஃப்ரீயா."

சிரித்துக்கொண்டே சொன்னவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நான் நிறுத்திடட்டுமா? நீங்க சொல்லுங்க. சொன்னா நிறுத்திடுவேன்."

நிறுத்திவிடுவாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை. அந்த வார்த்தை என் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அது அவளுடைய உயிருக்காக வருகிறதா, என் முழங்காலுக்காக வருகிறதா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமல் எப்படிச் சொல்வது? பொருத்தனையையும் விட முடியாது, பிள்ளையையும் தடுக்க முடியாது. "எந்திச்சுப் போய்ச் சாப்பிடு" என்றேன்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "டென்ஷன் நக்கோ, கவலையே வேணாம் மம்மி. நான் ஏறும்போது ஒரு மிஸ்டு கால். இறங்கினதும் இன்னொண்ணு. நடுவுல மட்டும் நீங்க நின்னாப் போதும்."

அடுத்த போட்டியில் அப்படியே செய்தோம். போனை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். முதல் மணி அடித்தது, முழங்காலில் நின்றேன். வெகுநேரம் கழித்து இரண்டாவது மணி. பிள்ளை இறங்கிவிட்டாள். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கட்டில் காலைப் பிடித்தேன், எழுவதற்கு.

எழ முடியவில்லை. வலியால் அல்ல. அவளுடைய சூடு ஆறாத அந்த சீட்டில் இப்போது இன்னொருத்தி இருக்கிறாள். எந்த ஊர்க்காரி என்றுகூட எனக்குத் தெரியாது. அவளுக்கு அம்மா இருக்கிறாளா, எங்கேயாவது நிற்கிறாளா என்று நான் கேட்டு வைக்கவில்லை.

"போன் அடிச்சிட்டுல்லா, எந்திரி, தண்ணி குடி" என்று ஹாலிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"இருங்க" என்றேன். கார் நிற்கும் வரைக்கும் இருந்தேன். இப்போதும் அப்படித்தான்.

இதை யாருக்காவது அனுப்பத் தோன்றினால் அனுப்புங்கள். ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மேலே அற்புத சாட்சி என்று போட வேண்டாம். அந்தப் போட்டியில் அவர்கள் ஜெயிக்கவில்லை. அந்த வரியையும் எடுத்துவிட வேண்டாம்.