இறந்த காலத்துக்கு முந்திய காலம்

சந்திரமதி காரைக்காலில் பிறந்தவள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் எட்டு வருஷம் பிரெஞ்சு படித்தாள். 1937இல் கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்து காஜா பேராங்கில் குடித்தனம் தொடங்கிய பிறகு அந்தப் பாஷைக்கு வேலை இல்லை. சந்தைக்கு மலாய் போதும். வீட்டுக்குத் தமிழ் போதும்.

1943 ஜூனில் அதற்கு வேலை வந்தது. ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் எடுத்தான். காஜா பேராங்கின் பங்குக்குப் பன்னிரண்டு பேர். மூன்றாவது பெயர் அவள் கணவன் சேதுராமனுடையது. ரோடு போடும் இலாகாவில் மேஸ்திரி, மலாக்காவிலேயே பிறந்தவன். அதற்கு முன் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

பிரெஞ்சுக் குடிகளை எடுப்பதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. சந்திரமதியிடம் காரைக்காலில் பதிவான கல்யாணப் பத்திரம் இருந்தது. அதில் மாப்பிள்ளை பிறந்த ஊர் எழுதிய இடத்தில் ஈரம் பட்டு மை கலைந்திருந்தது. அவனும் காரைக்கால்காரன் என்று சொல்லிவிடலாம். அதற்கு அவன் வாயில் பிரெஞ்சு வர வேண்டும். மூன்று நாள் இருந்தது.

‘சண்டை தொடங்கியபோது நான் ஊரைவிட்டுப் புறப்பட்டிருந்தேன்.’ இந்த ஒரு வாக்கியம்தான் தேவை. சண்டை தொடங்கிய பின் காரைக்கால் ஜப்பானுக்கு எதிரிப் பக்கம் போய்விட்டது. எது முன், எது பின் என்பதில் சந்தேகம் வரக் கூடாது. அதற்குச் சாதாரண இறந்த காலம் பற்றாது. அதற்கும் முந்தியது வேண்டும்.

“போறது வர்றது, பொறக்கிறது சாகிறதுக்கெல்லாம் ‘ழெத்தே’ங்க. சாப்பிடுறது, பேசுறதுக்கெல்லாம் ‘ழவே’. ழெத்தே பார்த்தி, புறப்பட்டிருந்தேன். ழவே மான்ழே, சாப்பிட்டிருந்தேன்.”

“தமிழ்ல ரெண்டுக்கும் ‘இருந்தேன்’தானே? ஒன்னையே போட்டா என்ன?”

“‘ழெத்தே மான்ழே’ன்னா உங்கள யாரோ தின்னுட்டாங்கன்னு அர்த்தம்.”

“சயாமுக்குப் போனா அதானே நடக்கும்” என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

நான்காம் நாள் காலை பண்டார் ஹிலிர் திடலில் மேசை போட்டிருந்தார்கள். அதிகாரி இளவயதுக்காரன், ராணுவப் பள்ளியில் பிரெஞ்சு படித்தவன், மலாயும் புரியும். மொழிபெயர்க்க நின்றவர் ஜவுளிக்கடை சிஹாபுதீன். அவர் அசல் காரைக்கால்காரர். சேதுராமன் காரைக்கால்காரன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். காட்டிக்கொடுக்கவில்லை.

சேதுராமன் வாக்கியத்தைப் பிசகில்லாமல் சொன்னான். அதிகாரி பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே, வரும் முன் சாப்பிட்டாயிற்றா என்று பிரெஞ்சில் சும்மா கேட்டான்.

கேள்வியில் ‘மான்ழே’ மட்டும் சேதுராமனுக்குப் பிடிபட்டது. “ழெத்தே மான்ழே” என்றான்.

அதிகாரி நிமிர்ந்தான். பின்னால் நின்ற சந்திரமதி ஓர் அடி முன்னால் வந்தாள்.

சிஹாபுதீன் மலாயில் குறுக்கிட்டார். “எங்க ஊர்ல எல்லாருக்கும் இந்தத் தப்பு வரும் துவான். எங்க பாஷையில எல்லாத்துக்கும் ஒரே ‘இரு’தான். இதுக்கு நான் வாங்காத அடியா?”

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தான். மூன்றாவது பெயரைச் சிவப்புப் பென்சிலால் அடித்தான்.

“இனிமே சாப்பிட்டவன் மாதிரி பேசுங்க அண்ணே, சாப்பிடப்பட்டவன் மாதிரி இல்ல. ஓடுங்க” என்று சிஹாபுதீன் தமிழில் முணுமுணுத்தார்.

பென்சில் பட்டியலின் அடிக்குப் போயிற்று. மாற்றாளாக எழுதியிருந்த பதின்மூன்றாவது பெயர் மாணிக்கவாசகம். பக்கத்து வீட்டு மாட்டுவண்டிக்காரன். பன்னிரண்டு பன்னிரண்டாகவேதான் இருக்கும் என்பதைச் சந்திரமதி அதுவரை நினைத்தே பார்த்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தம்பின் ரயிலடிக்கு லாரி. அன்று மத்தியானமே மாணிக்கவாசகத்தின் மனைவி அஞ்சலை அவனைக் கையோடு அழைத்து வந்தாள்.

“அண்ணி, அண்ணன் சொன்ன அந்தப் பேச்ச இவருக்கும் சொல்லிக் குடுங்க. மாட்டுக்கிட்டயே மூனு பாஷை பேசுறாரு.”

“மலாய், தமிழு, அப்புறம் கெட்ட வார்த்த. அதான் மூனு அண்ணி” என்றான் அவன், வெட்கப்பட்டு.

சந்திரமதி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவனிடம் பத்திரம் இல்லை. அதே மேசையில் அதே வாக்கியம் இரண்டாம் முறை வந்தால் முதலில் சொன்னவனையும் திரும்பக் கூப்பிடுவார்கள். ஆனால் வாக்கியத்தைக் கற்க ஒரு மணி நேரம் போதும். அதுவும் அவளுக்குத் தெரியும். சேதுராமனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு நாள்ல வராதும்மா.”

“அண்ணனுக்கு மூனு நாள்ல வந்துச்சே?”

“அவருக்கு முன்னாடியே கொஞ்சம் தெரியும்.”

“சரிங்க அண்ணி” என்றாள் அஞ்சலை. படியிறங்கியவள் நின்று, “அண்ணனாவது இருக்காரே. எங்களுக்கும் ஒரு தொணை” என்றாள்.

மாணிக்கவாசகம் திரும்பவில்லை. எந்த முகாம், எந்த மாதம் என்று ஒரு சீட்டும் வரவில்லை. சேதுராமன் 1961 வரை ரோடு போட்டான். அஞ்சலை வீட்டுக் கூரையை வருஷா வருஷம் அவனே மாற்றினான். பிள்ளைகள் பிரெஞ்சு சொல்லித் தரும்படி கேட்டபோதெல்லாம் சந்திரமதி மறந்துவிட்டதாகச் சொன்னாள்.

1979இல் சந்திரமதிக்கு ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். அஞ்சலை கஞ்சி கொண்டுவந்தாள். சந்திரமதி இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை.

“ஒரு மணி நேரம் போதும் அஞ்சலை. நான்தான் சொல்லிக் குடுக்கல.”

அஞ்சலை கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“தெரியும் அண்ணி. லாரியில ஏறுறப்பவே அவரு சொன்னாரு. ‘நாம போயி கேட்டிருக்கக் கூடாது, அவங்களுக்குச் சங்கடம்’னாரு.”

சந்திரமதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வியாழக்கிழமை இறந்தாள்.