வண்டியை விட்டு ஓடும் கலை

டிரெய்லர் ஓட்டுகிறவனுக்குக் கையைவிடக் கால்தான் முக்கியம். பிரேக் மிதிக்க மட்டுமல்ல, ஓடவும். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே கன்டெய்னர் இழுக்கும் என் போன்ற பாவப்பட்ட ஜென்மங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பக்கம் யார் யார்மேல் மோதினாலும் தப்பு பெரிய வண்டியுடையதுதான்.

சேர்ந்த அன்று

முதலாளி சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, வழியில் எந்தெந்த ஊரில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். டீசல் பங்க் எங்கே என்று சொல்லவே இல்லை. எங்கேயாவது இடித்துவிட்டால், ஜனம் கூடுவதற்குள் ஸ்டேஷனுக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டுமாம். “அப்ப வண்டி?” என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“வண்டிக்கு இன்சூரன்ஸ் கீது. உனக்கு இன்னா கீது? எறங்கி ஓடு.”

உதவி செய்தவன்

என்னோடு வேலை பார்க்கும் பாபு நல்லவன், அதனால் மாட்டிக்கொண்டான். மீஞ்சூர் தாண்டி ஒரு ஊரில், பைக்கில் போனவரை ஒரு கார் தட்டிவிட்டுப் பறந்துவிட்டது. பின்னால் வந்த பாபு லாரியை ஓரங்கட்டி, பள்ளத்தில் கிடந்தவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். அதற்குள் ஜனம் வந்துவிட்டது. லாரி நிற்கிறது, ஆள் அடிபட்டுக் கிடக்கிறார், வேறென்ன சாட்சி வேண்டும்? “இவரு இல்லப்பா, காரு!” என்று அடிபட்டவரே கத்தியும் யார் காதிலும் ஏறவில்லை. பாபுவுக்கு முன்பல் ஒன்று போனது.

விஷயம் தெரிந்ததும், அடித்தவர்களில் ஒருவரே ஓடிப்போய் சோடா வாங்கிவந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சோடாவை நீட்டியபடி அவர் சொன்னது:

“மனசுல வெச்சுக்காத நைனா. அங்க வேற லாரி ஏதாவது நின்னுக்கினு இருந்தா உன்னைத் தொட்டிருக்கவே மாட்டோம்.”

மறியல்

அதே ஊரில் பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை கேட்டு வருஷக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமிக்குக் கால் முறிந்த மறுநாள், ஊரே ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. வரிசையில் முதல் வண்டி என்னுடையது. வழக்கம்போல் ஓடத் தயாரானேன். பாபு அடையாளம் சொல்லியிருந்த அந்த சோடா வாங்கிக் கொடுத்தவர்தான் வந்தார். “அண்ணே, உன் வண்டிய ரோட்டுக்குக் குறுக்கப் போடேன்” என்று மரியாதையாகக் கேட்டார். போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன். சாயங்காலத்துக்குள் ஆவி பறக்கும் தாரோடு வேகத்தடை வந்துவிட்டது. மேற்பார்வை பார்க்க வந்த அதிகாரி கூட்டத்திடம் அலுத்துக்கொண்டார்:

“நீங்க இந்த மறியல மொதல்லியே செஞ்சிருந்தா, இத்தினி மனுவப் படிக்கிற வேலை எங்களுக்கு மிச்சமாயிருக்குமே!”

என் முறை

போன மாதம், ஒரு திருப்பத்தில் ராங் சைடில் வந்த பைக் என் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சறுக்கி விழுந்தது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் கம்பெனித் தொழிலாளி. தொடையிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். ஓடினால் நான் பிழைப்பேன், அவர் பிழைப்பாரா? துண்டை இறுக்கிக் கட்டி, காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் வந்தது. முதுகில் விழ ஆரம்பித்தது. “அடிங்க, வேணாங்கல! ஆனா நான் கைய எடுத்தா இவரு செத்துடுவாரு. மொதல்ல ஆட்டோவ நிறுத்துங்க!” என்று அலறினேன். அடி நின்றது. ஆட்டோவும் நின்றது. அவர்களே அவரைத் தூக்கி ஏற்றினார்கள். துண்டிலிருந்து கையை எடுக்காமல் நானும் ஏறிக்கொண்டேன். என் முதுகில் பலமாகக் குத்தியவர் ஆட்டோவுக்குள் தலையை நீட்டினார்:

“பதனமா இட்டுக்கினு போ அண்ணே. மீதிய நீ வந்தப்புறம் பேசிக்கலாம்.”

தொழிலாளி பிழைத்துக்கொண்டார். கூட்டம் சேர்ந்து செய்வது நியாயமா என்று கேட்டால் எனக்கு இன்னும் பதில் தெரியாது, ஏனென்றால் அவரைத் தூக்கிவிட்டதும் அந்தக் கூட்டம்தான், மீதியைப் பேசக் காத்துக்கொண்டிருப்பதும் அதுதான்.