உள்ளங்கைச் சீனி

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர் ஐயா என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நீல மருந்து சேர்த்து, விளக்கில் சூடு காட்டினார். நீலம் மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு வந்தது. "உனக்குச் சீனி வருத்தம். இனி வெள்ளைச் சீனியைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது" என்றார். நீரிழிவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அந்த நோயின் மேல் கோபம் வரவில்லை, அவர் மேல்தான் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தேயிலை சலிக்கிற இடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்கத் தூசியில் நிற்கிறவனுக்கு இருந்த ஒரே சுகம் இனிப்பான தேத்தண்ணீர். அதிலும் கை வைத்துவிட்டாரே மனிதர் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் சீனியைத் தேத்தண்ணீரில் கரைப்பது அபூர்வம். ஒரு உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, மறு கையில் கோப்பை. சீனியை நாக்கால் தொட்டு ஒரு மடக்கு, மறுபடி தொட்டு ஒரு மடக்கு. அப்படிக் குடித்தால் சீனியும் மிச்சம், ருசியும் அதிகம். வீட்டுக்கு வந்தவர்களுக்கும் அப்படித்தான் கொடுப்போம். பெண் பார்க்கப் போன இடத்தில் மட்டும் அதற்கு வேறொரு கனம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கையை நீட்டிச் சீனி வாங்கினால் சம்பந்தத்துக்குச் சம்மதம். வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தால் வேண்டாம் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே மறுத்து யார் மனதையும் புண்படுத்த வேண்டியதில்லை பாருங்கள்.

டிஸ்பென்சர் சொன்னதை என் மனைவி சட்டமாக்கிவிட்டாள். சீனி வைக்கிற தகரப் பேணி அன்றைக்கே பக்கத்து வீட்டு அடுப்படிக்குக் குடிபோனது. தெரிந்த சிங்களவர் ஒருவர் அன்போடு கொடுத்த கித்துல் கருப்பட்டியையும், அதைவிட அன்பாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முதல் சில நாட்கள் எனக்குத் தலைவலி, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். கோப்பையை வாங்கியதும் மறு கை தானாக நீளும். அவள் அதில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டுவாள். அடி வாங்கி வாங்கி, சீனியைக் கண்டாலே கை முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளப் பழகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் தேயிலையோடு கிடந்தும், அதற்கென்று ஒரு ருசி உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவளும் என் முன்னால் வெறும் தேத்தண்ணீரைத்தான் குடித்தாள். நான் அதை நம்பவில்லை. அவள் கொழுந்து பறிக்கப் போகிறவள், மலையில் கூட்டாளிப் பெண்களோடு ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னைக்கு மலையில எத்தன கை சீனி, புள்ள?" என்பேன்.

"ஆமா, ஒரு மூட்ட" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒருமுறை ஹட்டன் டவுனில், ஒரு முஸ்லிம் நானாவின் கடையில், ஆசை தாங்காமல் ஒரு துண்டு மஸ்கட் அல்வா வாங்கி வாயில் போட்டேன். கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டன, தித்திப்பு தொண்டையை அடைத்தது, இருமித் தீர்த்துவிட்டேன். பழைய மஸ்கட்டைக் கொடுத்துவிட்டோமோ என்று நானா பதறிப்போனார். மஸ்கட்டில் குறை ஒன்றும் இல்லை, என் நாக்குத்தான் மாறியிருந்தது.

இந்த நேரத்தில்தான் என் தம்பிக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மஸ்கெலியாவில் ஒரு பெண்ணைக் கோயில் திருவிழாவில் பார்த்ததிலிருந்து பையன் ஒரு மாதிரியாகிவிட்டான். "அண்ணே, அந்தப் புள்ள இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று ஒரே பிடி. அப்பாவும் அம்மாவும் இல்லாததால் பெரியவர் இடத்தில் நான். நானும் தம்பியும் என் மனைவியும் பஸ் ஏறிப் போனோம்.

பெண் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் அம்மா சீனிப் பேணியோடு என் முன்னால் வந்து நின்றார். என் கை, பழகிய வழக்கத்தில், சட்டென்று முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. நானோ ஒன்றும் உணராமல் கோப்பையைக் காலி செய்து கீழே வைத்து, "தேத்தண்ணி நல்ல சாயம்" என்று பாராட்டு வேறு சொன்னேன்.

பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "சரிங்க தம்பி. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார். கதவோரம் நின்ற பெண் உள்ளே போய்விட்டாள். தம்பி என்னையும் காலிக் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தான்.

முதலில் விளங்கியது என் மனைவிக்குத்தான். "ஐயோ பெரியப்பா, இவருக்குச் சீனி வருத்தங்க. டிஸ்பென்சர் ஐயா தொடக்கூடாதுன்னுட்டாரு!" என்றாள் பெண்ணின் அப்பாவிடம்.

"இந்த வயசுலயா? புடிக்கலன்னா புடிக்கலன்னு போங்கம்மா. சாக்குப்போக்கு எதுக்கு?" என்றார் அவர். சீனி ஒரு வியாதியாகும் என்று அந்த லயத்தில் யார் கேள்விப்பட்டிருந்தார்கள்?

தம்பியின் வாழ்க்கையைவிட என் உடம்பா பெரிது? "போடுங்க அத்தே" என்று கையை நீட்டினேன்.

பட்டென்று விழுந்தது ஒரு தட்டு. அத்தனை பேர் முன்னாலும், வீட்டில் தட்டுவது போலவே தட்டிவிட்டாள் என் மனைவி. பிறகு தன் கையை நீட்டி, "அவரு கையும் எங் கையும் ஒண்ணுதான். இதுல போடுங்க" என்றாள்.

பெண்ணின் அப்பா என் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் மீசை லேசாகத் துடித்தது. "மெய்தான் போலருக்கு. நல்லா அள்ளிப் போடு" என்றார் தன் மனைவியிடம்.

என் மனைவி அதை ஒரே வாயில் நக்கினாள். கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டன, தொண்டை அடைத்தது, இருமித் தீர்த்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். வீடே சிரித்தது, தம்பி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மலையில் தினமும் சீனி நக்குகிறவளுக்கு அந்த இருமல் வராது.

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "நீயும் அன்னைக்கே விட்டுட்டியா?"

"பின்ன? எனக்கு மட்டும் எறங்குமாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சீனிப் பிசுக்கு இன்னும் போகவில்லை. ஹட்டன் வரும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.