தமிழ் வந்தது, குரல் போனது

என் அக்காவுக்குக் காது கேட்காது. ஆறு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. அதற்கு முன்பே பேசப் பழகியிருந்ததால் பேச்சு கொஞ்சம் மிஞ்சியது. வீட்டு ஆட்களுக்கு மட்டும் புரியும் பேச்சு. மற்றவர்களுக்குக் கையைக் காட்டுவாள், இல்லையென்றால் எழுதிக் காட்டுவாள். பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. அம்மாவும் அவளும் அங்கேயே ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். நான் கல்யாணம் ஆனதும் ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்துவிட்டேன்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் எல்லார் கையிலும் செல்போன் வந்தபோது எங்கள் குடும்பத்தில் அதன் முழுப் பயனும் அவளுக்குத்தான் கிடைத்தது. நாங்கள் பேசினோம்; அவள் எழுதினாள். சாதாரண பட்டன் செட்தான் அவளுடையது. ஆனால் அதில் தமிழில் அடிக்கலாம், தமிழில் படிக்கலாம். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பச் சொன்னால் முகத்தைச் சுளிப்பாள். "அது நான் பேசுற மாதிரியே இல்ல" என்று ஒருமுறை எழுதிக் காட்டினாள்.

என்னுடையது பெரிய போன். துபாயிலிருந்து வந்த ஒரு நண்பனிடம் வாங்கியது. திரையைத் தொடுவதற்கு ஒரு சின்னக் குச்சி, அதைச் செருகி வைக்க ஒரு துளை. திருமுடிவாக்கத்தில் நான் வேலை பார்த்த, இரும்புத் தகட்டில் பாகங்கள் அடிக்கும் பட்டறையில் முதலாளியிடம்கூட அப்படி ஒன்று கிடையாது. அந்தப் போனுக்கு அரபி தெரியும், பிரெஞ்சு தெரியும், தமிழ் மட்டும் தெரியாது. அக்கா அனுப்பும் செய்திகள் வெறும் கட்டங்களாக வரிசை கட்டி வந்து நிற்கும்.

அதனால் அவள் என் மனைவியின் போனுக்கு அனுப்புவாள். மனைவி எனக்குப் போன் போட்டுப் படித்துச் சொல்வாள். கொஞ்ச நாள் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு நோட்டில் எழுதினாள்: "உன் பொண்டாட்டி நல்லவ. ஆனா எனக்கும் உனக்கும் நடுவுல ஆள் வேணாம்."

மனைவியிடம் இதைப் பக்குவமாகச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"சரிதானேங்க. பேசாம அக்கா வெச்சிருக்கிற மாதிரியே ஒரு செட் வாங்கிடுங்களேன்."

"இவ்ளோ பெரிய போன வெச்சுக்கிட்டு அது எதுக்கு? இதுலயே தமிழ் வர வைக்கிறேன் பாரு."

அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

தெருமுனை பிரவுசிங் சென்டரில் நாலைந்து சாயங்காலம் உட்கார்ந்து தேடியதில், இந்த மாதிரிப் போன்களின் மென்பொருளைப் பிரித்து மாற்றிக் கட்டுகிறவர்கள் கூடும் ஒரு இணையக் குழு கிடைத்தது. போனை உள்ளிருந்து ஓட்டும் அடிப்படை மென்பொருளை எடுத்துவிட்டுத் தாங்கள் செய்ததை ஏற்றுகிறார்கள். அதில் ஒருவர் இந்திய மொழி எழுத்துகளைச் சேர்த்து ஒன்று செய்து வைத்திருந்தார். இறக்கி சிடியில் எழுதிக்கொண்டேன். ஏற்றுவதற்கு முன் பழைய மென்பொருளைப் பிரதி எடுத்து வைக்கும்படி முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. படித்தேன். படித்துவிட்டு விட்டுவிட்டேன். பட்டறையில் ஒரு அளவு தப்பினால், தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் டை அச்சைக் கழற்றி மறுபடி மாட்டுகிறவன் நான். போனையும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

பட்டறை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் உண்டு. கரண்ட் போனாலும் பயமில்லை என்று ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதில் கேபிளை மாட்டினேன். பச்சைப் பட்டை ஊர்ந்து எழுபத்தெட்டில் வந்து நின்றது. நாலு நிமிஷம் நின்றது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தபடி கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தேன். பிறகு நகர்ந்து நூறைத் தொட்டது. போன் அணைந்து எழுந்தது. அக்காவுக்கு ஆங்கில எழுத்தில் அடித்தேன்: தமிழில் ஏதாவது அனுப்பு.

ஒரு நிமிஷத்தில் வந்தது. கட்டம் இல்லை. எழுத்துதான், தமிழ்தான். ஆனால் கொம்புகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. "வேலை" என்று அனுப்பினால் "வலே" என்று வந்து, மிச்சமிருக்கும் ஐகாரக் கொம்பு தனியாகத் தொங்கும். அவள் அனுப்பியிருந்தது "பேசணும்". எனக்கு வந்தது "பசேணும்".

அது எழுத்துக் கோளாறு என்றுதான் பார்த்தேனே தவிர, அக்கா என்னிடம் பேச வேண்டும் என்கிறாள் என்று பார்க்கவில்லை. "எழுத்து சரியா வரல, வேற ஒண்ணு அனுப்பு" என்று திருப்பி அனுப்பினேன். அடுத்தது "நேர்ல வா". அதிலும் கொம்பு தப்பு. இரண்டையும் திரையோடு படம் எடுத்து அந்த இணையக் குழுவில் போட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பிழையை விளக்கினேன்.

அதைவிடப் பெரிய கோளாறு அன்று மாலையே தெரிந்தது. மனைவிக்குப் போன் போட்டேன். அவள் ஹலோ ஹலோ என்றாள். நான் பேசினேன். அவள் மறுபடி ஹலோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. போனின் மைக் செத்துவிட்டிருந்தது. இயர்போனை மாட்டினால் கொஞ்சம் கேட்கும். அதுவும் மூன்றாவது நிமிஷத்தில் போன் தானாக அணைந்து எழுந்துகொள்ளும்.

பிறகு மூன்று வாரம். செட்டிங் ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்த்தேன். குழுவில் கிடைத்த குட்டித் திருத்தங்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினேன். பேட்டரியைக் கழற்றி ஒரு பகல் முழுக்க வெளியே வைத்தேன். மைக் ஓட்டையை ஊசியால் குத்தினேன். இணையக் குழுவில் கேட்டால் ஒருவன் முதல் பக்கத்தைப் படித்தாயா என்றான். இன்னொருவன் தேடிப் பார்த்துவிட்டுக் கேள் என்றான். மூன்றாமவன் அன்பாகவே பதில் போட்டான்: எடுத்து வைத்த பழைய பிரதியை ஏற்றிவிடு நண்பா, எல்லாம் சரியாகிவிடும். அன்று பிரவுசிங் சென்டரிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது வழியில் ஒருத்தர் மேல் மோதி, அவரையே திட்டிவிட்டு வந்தேன்.

அந்த மூன்று வாரமும் அக்காவின் செய்திகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து கொம்பு எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். மூடிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். அங்கே பழைய போன்களைக் கூறு கட்டிப் போட்டிருப்பார்கள். என் போன் மாதிரியே உடைந்தது ஒன்று கிடைத்தால் மைக்கைக் கழற்றி மாற்றிவிடலாம் என்று நினைப்பு. சாயங்கால வெயிலில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது பட்டறையிலிருந்து போன் வந்தது. பிரஸ் ஓட்டுகிறவர்.

"அண்ணா, அந்த பிராக்கெட்டுக்கு டை மாட்டிட்டோம். பழைய டிராயிங்தானே? ஓட்டலாமா?"

பழைய டிராயிங் இல்லை. அளவு மாறிப் புது டிராயிங் காலையில்தான் வந்திருந்தது. என் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். "ஓட்டாத, நிறுத்து" என்று கத்தினேன். பக்கத்தில் பழைய சைக்கிள் செயின் விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, ஒண்ணும் கேக்கல. சரி, ஓட்டிடறேன்."

இயர்போனைத் துழாவி எடுத்து மாட்டுவதற்குள் போன் அணைந்துவிட்டது. எஸ்டிடி பூத்தைத் தேடி ஓடி, முன்னால் பேசிக்கொண்டிருந்த அம்மாள் முடிக்கும்வரை நின்று, பட்டறைக்குப் பேசியபோது பாதிக்கு மேல் அடித்து முடித்திருந்தார்கள். அத்தனையும் ஸ்கிராப். மறுநாள் முதலாளி திட்டக்கூட இல்லை. தப்பாக அடித்த பிராக்கெட் ஒன்றை எடுத்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை மேற்குத் தாம்பரத்தில் செல்போன் சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, யாரு இத ஏத்துனது?"

"நான்தான் பாய்."

"இது உன் மாடலுக்கே கிடையாது. இதே மாதிரி இன்னொரு மாடல் கீது, அதோட சாஃப்ட்வேர். அதுல மைக்கு வேற எடத்துல இருக்கும். நீ இங்க பேசினுகீற, அது வேற எங்கியோ கேட்டுனுகீது."

"சரி பண்ண முடியுமா?"

"ஒரிஜினல் என்கிட்ட கீது, போட்டுர்லாம். மைக்கு வந்துடும். ஆனா தமிழ் வராது. பரவால்லியா?"

பரவாயில்லை என்றேன். அவர் கேபிளை மாட்டப் போய் நிறுத்தினார்.

"உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும் சார். மெசேஜி, கிசேஜி எதுனா வேணும்னா இப்பவே பாத்துக்கோ."

கடை ஸ்டூலில் உட்கார்ந்து திறந்தேன். வேண்டியது எது என்று தெரிய வேண்டுமானால் படித்தாக வேண்டும். கொம்புகளை மனதுக்குள் இடம் மாற்றி வைத்து, ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்று வாரத்தில் பதினோரு செய்தி. பேசணும். நேர்ல வா. அம்மாகிட்ட இன்னும் சொல்லல, உன்கிட்டதான் முதல்ல சொல்லணும். போன் சரியாச்சா? சரியாச்சா? அவங்க வீட்ல பதில் கேக்குறாங்க. கடைசியாக வந்தது வெள்ளிக்கிழமை மாலை: கம்பெனி விட்டு வரும்போது சந்தையில உன்னைப் பாத்தேன். நீ வீட்டுக்கு வருவேன்னு காத்திருந்தேன். ஏன் வரல?

சந்தையிலிருந்து அவள் வீடு மூன்று தெரு.

போனைப் பாயிடமே கொடுத்து, ஒரிஜினலையே போட்டுவிடும்படி சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். தாம்பரத்திலிருந்து பல்லாவரத்துக்கு மூன்றாவது ஸ்டேஷன். அந்த மூன்று வாரத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

அக்கா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறையில் ஏதோ நறுக்குகிற சத்தம். அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை வைத்தாள். பிறகு நாங்கள் போட்ட சண்டையில் சத்தமே இல்லை. போன் சரியாகட்டும் என்று இருந்தேன் என்று கையைக் காட்டினேன். உனக்குக் கால் இல்லையா என்று அவள் காட்டினாள். அம்மா உள்ளேயிருந்து, "யாரு, தம்பியா? சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். "சரிம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடி கையை ஆட்டினேன்.

கோபம் அடங்கியதும் அக்கா நோட்டை எடுத்தாள். அவள் கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் ஒருவர். அனகாபுத்தூர்க்காரர். பிறவியிலேயே காது கேட்காதவர். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்திருக்கிறார்கள். அவர் வீட்டில் பெண் கேட்டு வரத் தயாராக இருந்தார்கள். "தம்பிகிட்ட சொல்லிட்டு வரச் சொல்றேன்" என்று இவள்தான் நிறுத்தி வைத்திருக்கிறாள். ஒரு வாரம் பொறுத்தார்கள், இரண்டு வாரம் பொறுத்தார்கள். உன் வீட்டில் இஷ்டமில்லையோ என்று அவரே கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

"உன் போன் ரிப்பேர்னு சொன்னேன். அவர் நம்பல" என்று எழுதினாள். அடுத்த வரியில், "நானே நம்பல."

எழுந்து சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் கேக்கலன்னா, வாசல்ல ஆள் வந்து நின்னா யாரு கதவைத் திறக்குறது?"

அக்கா நிலைப்படியில் நின்று அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரலிலேயே மெதுவாகப் பதில் சொன்னாள். "அவங்க வீட்ல பெல் அடிச்சா லைட் எரியும். அவரே போட்டது."

அம்மா என்னைப் பார்த்தாள். "அனகாபுத்தூருக்கு எந்த பஸ்ஸுடா?" என்றாள்.

அன்று சாப்பிட்டு முடித்து நானும் அம்மாவும் அனகாபுத்தூருக்கு பஸ் ஏறினோம். அவருடைய அம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை. "இவ்ளோ நாளு கழிச்சு வர்றீங்களே" என்றாள். தப்பு என்னுடையதுதான் என்றேன். காரணம் கேட்டாள். போனில் தமிழ் ஏற்றிய கதையை அந்த அம்மாளிடம் சொல்லப் போய், பாதியிலேயே அது எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. வேலை அதிகம், அதான், என்று முடித்துக்கொண்டேன். அவருடைய அப்பா உட்காரச் சொன்னார். காபி வந்தது. மெல்ல மெல்லப் பேச்சு படிந்தது.

போன் புதன்கிழமை கைக்கு வந்தது. பாய் சொன்னபடி மைக் வந்திருந்தது. ஆனால் அதன்பிறகு அது பழையபடி இல்லை. கடிகாரம் தினமும் பத்து நிமிஷம் பின்வாங்கும், குச்சியால் ஒரு இடத்தைத் தொட்டால் வேறு இடம் திறக்கும். ஒரு மாதம் மல்லுக்கட்டிவிட்டுக் கடையிலேயே கொடுத்து, ஒரு பட்டன் செட் வாங்கினேன். மனைவி புது நம்பரா என்று மட்டும் கேட்டாள்.

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் காது கேட்காதவர்கள். கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து கைகளால் அத்தனை வேகமாகப் பேசினார்கள். எங்கள் வீட்டில் நானும் அக்காவும் பழகிய சைகைகள் அதில் ஒன்றுகூட இல்லை. அக்கா நடுவில் இருந்தாள். அவள் இவ்வளவு பேசுகிறவள் என்று எனக்குத் தெரியாது. திடீரென்று எல்லாரும் குலுங்கிச் சிரித்தார்கள். அவள் தோளைத் தொட்டு, என்ன என்று கேட்டேன். அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.