பொம்மை ரயிலும் பார்லி டீயும்

ஹிபினோ தமாகிக்கு ரயில் ஓட்டும் வேலை. அதில் ஓர் எறும்புகூட ஏறிப் போக முடியாது. டோக்கி மலைமேல் இருந்த அணுச்சேர்க்கை ஆய்வுக்கூடத்தில், வளையம் போன்ற பெரிய உலைக்குள் தண்டவாளம் பதித்து, பொம்மை ரயிலைச் சுற்றவிடுவாள். அதன் தலையில் கலிஃபோர்னியம் என்ற கதிரியக்க உலோகத் துணுக்கு. நொடிக்கு எத்தனை நியூட்ரான் உமிழும் என்று தெரிந்த துணுக்கு. அதில் எத்தனையை வெளியே நிற்கும் உணர்கருவி பிடிக்கிறது என்று பார்த்துவைத்தால்தான், பிறகு சோதனையில் உலை உமிழ்வதை நம்பி எண்ண முடியும்.

நாற்பத்தாறு வயது; கணவனைப் பிரிந்தவள். முன்பு பொம்மைக் கடையில் ரயில் ரிப்பேர் பார்த்தாள். பெரிய படிப்பில்லை, கைநேர்த்தி உண்டு. ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை.

அந்த ஆகஸ்டில் ரயில் இரண்டு வாரம் ஓடி முடிந்தது. தலைவர் குட்ஸுகாகே முன்கூட்டியே போட்டுவைத்திருந்த கணக்கோடு கருவி காட்டிய எண் அச்சாகப் பொருந்தியது. மனிதருக்கு வாயெல்லாம் பல். உலை அறையை ஒழுங்குபடுத்தப் போன தமாகியோ, உணர்கருவியை ஒட்டிக் கிடந்த இரண்டு பெட்டிகளைக் கண்டு விக்கித்து நின்றாள். வேலையாட்களுக்கென்று அவளே ஓரம் பார்த்து வைத்து, அடியோடு மறந்துபோன குளிர் பார்லி டீ பாட்டில் பெட்டிகள். டீயும் தண்ணீர்தான்; தண்ணீருக்குள் புகுந்தால் நியூட்ரானின் வேகம் குறையும். வேகம் குறைந்ததைக் கருவி அதிகமாகப் பிடிக்கும். அங்கே துடைப்பம் பிடிப்பவருக்கும் தெரிந்த சங்கதி இது.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் ரயில் மறுபடி ஓட வேண்டும், சோதனை தள்ளிப்போகும், மார்ச்சில் அவள் வேலை நிலைக்காது. பாழாய்ப்போன மனசு அரைநாள் அடித்துக்கொண்டது. பிறகு, எல்லோரும் 'சென்செய்' என்று மரியாதையாக அழைக்கும் குட்ஸுகாகேயின் அறைக்குப் போனாள்.

"சென்செய், அந்த எண்ணு தப்பு. டீ பெட்டிய நான்தான் கருவிகிட்ட வச்சுட்டேன்."

"டீயா? விளையாடாதீங்க ஹிபினோ சான்."

"ரெண்டு பெட்டி. பதினாலு நாளும் அங்கதான் இருந்துது."

குட்ஸுகாகே தொப்பென்று உட்கார்ந்தார். "ஐயோ, கணக்கோட அவ்வளவு அழகா ஒத்துப்போச்சே! பேசாம குடிச்சுட்டு பாட்டில தூக்கிப் போட்டிருக்கலாமில்ல?"

"குடிச்சா எண்ணு மாறிடுமா, சென்செய்?"



ரயில் மறுபடி ஓடியது. எண் நூற்றுக்கு நான்கு இறங்கியது. டீ மறைத்துவைத்திருந்த பிழை குட்ஸுகாகேயின் கணக்கில்தான் இருந்தது. ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு திருத்தினார். அதற்குள் அந்த ஆண்டின் நிதி கரைந்துவிட, மார்ச்சில் ஒப்பந்தக்காரர்களைத்தான் முதலில் கழற்றினார்கள். குட்ஸுகாகே இடுப்பு வளைய வணங்கினார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

அடுத்த ஆண்டு கசாஹாராவில் ஒரு டைல்ஸ் ஆலையில் அவள் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, ரேடியோச் செய்தியில் சோதனை வெற்றி என்றார்கள். வந்த நியூட்ரான் எண்ணிக்கையையும் வாசித்தார்கள். பக்கத்தில் வேலை செய்த இனாகாகி உதட்டைப் பிதுக்கினாள்.

"அடேயப்பா, எத்தனை சைபர்! எவன் போய் எண்ணுனான்? சும்மா அடிச்சு விடுறாங்க."

"இல்ல, இனாகாகி சான்," என்றாள் தமாகி, அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டே. "அது சரியான எண்ணு."